நான்காம் பாடத்தின் சொந்தக்காரி

ஜூன் 4

நாத்தனாருக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. அதனால் விசாரிக்கவில்லை.

உன் அண்ணன் போன வாரம் அங்கே வந்தபோது நீ அவர் கையில் கொடுத்தனுப்பிய புத்தகத்தின் மாதிரிப் பிரதியை இன்றுதான் பார்த்தேன். மனுஷன் அதைப் பெட்டியில் சட்டைகளுக்கு நடுவே ஒளித்து வைத்திருந்தார். துவைக்கப் போடத் துணியை உருவியபோது என் கால் மேல் விழுந்தது. ஒன்பதாம் வகுப்பு வேதியியல். அட்டை நன்றாகவே இருக்கிறது. அதில் உன் பெயர் மட்டும் இருக்கிறது.

என் பெயர் உள்ளே எங்காவது இருக்குமென்று தேடினேன். இருந்தது, நன்றிப் பக்கத்தில். பெயராகக்கூட இல்லை. "சோதனைக்குழாய்களைக் கழுவித் தந்து உதவிய என் அண்ணிக்கு நன்றி." அந்த வரியை உன் அண்ணனிடம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நான்காம் பாடம், பிணைப்புகள், யார் எழுதியது? நாம் சேர்ந்திருந்த அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து நான் எழுதினேன். நீ எதிரில் உட்கார்ந்து கமா போட்டாய். சமையல் உப்பில் சோடியம் ஒரு எலக்ட்ரானைக் கொடுக்கிறது, குளோரின் வாங்கிக்கொள்கிறது, அதனால் அது அயனிப் பிணைப்பு. சர்க்கரையில் யாரும் யாரிடமும் எதையும் விட்டுக்கொடுப்பதில்லை, எலக்ட்ரான்களைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள், அதனால் அது சகப்பிணைப்பு. இந்த வாக்கியங்களைப் பிள்ளைகள் மண்டையில் ஏறும்படி எழுத எத்தனை தாளைக் கிழித்தேன் என்று உனக்குத் தெரியும். கடைசிப் பயிற்சியில் இருக்கும் பத்துப் பொருள்களையும் பொறுக்கி எடுத்து, ஒவ்வொன்றையும் என் கையால் சோதித்தவள் நான்.

அட்டையில் இரண்டு பெயர் வர வேண்டும். வந்தால் நடந்ததை மறந்துவிடுகிறேன். வராவிட்டால் நான் சும்மா இருப்பேன் என்று மட்டும் நினைக்காதே.

உன் அண்ணி


ஜூன் 12

அண்ணிக்கு,

வணக்கம். நீங்கள் விசாரிக்காவிட்டாலும் நான் நலம்.

அட்டை மாறாது. அச்சுக்கூடத்தில் பேசி முடித்தாயிற்று. ஆகஸ்ட் முதல் வாரத்தில் பாடநூல் குழு கூடுகிறது. அவர்கள் தலையசைத்தால் எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் இந்தப் புத்தகம்தான். இந்த நேரத்தில் இரண்டு பெயர், மூன்று பெயர் என்று குட்டையைக் குழப்ப நான் தயாராக இல்லை.

ஏன் இப்படிச் செய்தாள் என்று அண்ணனிடம் புலம்புகிறீர்களாம். உங்களுக்கு நினைவில்லாமல் இருக்கலாம். அடித்தவருக்கு நினைவிருக்காது. நீங்களும் இதே பள்ளியில் இருந்தபோது, ஒன்பதாம் வகுப்பில் நான் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தண்ணீரில் கரைவதெல்லாம் அயனிச் சேர்மம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். நீங்கள் ஆய்வக வாசலில் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றீர்கள். என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். அத்தனை பிள்ளைகள் முன்னால், "அப்போ சர்க்கரை கரையலையா டீச்சர்?" என்று கேட்டீர்கள். வகுப்பு கொல்லென்று சிரித்தது. வராந்தாவில் போன தலைமையாசிரியையும் நின்று சிரித்தார். அன்றிலிருந்து எனக்குச் சர்க்கரை டீச்சர் என்று பெயர். பேருந்தில், மருந்துக்கடையில், பெற்றோர் கூட்டத்தில், எங்கே போனாலும் அந்தப் பெயர் எனக்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கிறது. உங்களுக்கு மாற்றல் கிடைத்துவிட்டது. எனக்கு அந்தப் பெயர்தான் மிச்சம்.

என் பெயரை நீங்கள் கெடுத்தீர்கள், உங்கள் பெயரை நான் எடுத்துவிட்டேன். கணக்கு நேராகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயம். கடைசிப் பயிற்சிக்கு விடை எழுதிய தாளை நீங்கள் கையோடு கொண்டுபோய்விட்டீர்கள். பத்துப் பொருளில் எது அயனி, எது சகப்பிணைப்பு என்று குழுவின் முன்னால் செய்து காட்ட வேண்டும். அண்ணன் முகத்துக்காக அதை அனுப்பிவையுங்கள்.

உங்கள் நாத்தனார்


ஜூன் 19

நாத்தனாருக்கு,

குழாய் கழுவுகிறவளிடம் விடை கேட்கலாமா? உன் தகுதிக்குக் குறைச்சல்.

புத்தகம் எழுதியவள் நீ. ஒரு பேட்டரி, ஒரு பல்பு, இரண்டு கம்பி எடு. பொருளைக் கரைத்து அதில் கம்பிகளை நனை. பல்பு எரிகிறதா என்று பார். இதைத்தானே ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறாய்.

உன் அண்ணனை இனிமேல் தூது விடாதே. அவர் இங்கே என் பேச்சுக்கும் தலையாட்டுகிறார், தொலைபேசியில் உன் பேச்சுக்கும் தலையாட்டுகிறார். நேற்று இரண்டு பேருக்கும் சேர்த்து ஆட்டிவிட்டுக் கழுத்து வலிக்கிறது என்று படுத்துக்கொண்டார்.

நீ செய்ததை நான் விடப்போவதில்லை. எப்படி என்று இன்னும் எனக்கே தெரியாது. ஆனால் உன் வாயாலேயே நீ சறுக்கி விழுவதை நான் கேட்க வேண்டும். அந்த ஆசையில்தான் சாப்பாடே இறங்குகிறது.

அண்ணி


ஜூலை 1

அண்ணிக்கு,

நீங்கள் இல்லாவிட்டால் எனக்குக் கை ஓடாது என்று நினைத்தீர்கள். பள்ளி ஆய்வகத்தில் ஜன்னலோர மேசையை ஒதுக்கிக் கொடுத்தார்கள். பேட்டரி, பல்பு, கம்பி எல்லாம் வைத்து ஒவ்வொன்றாகச் செய்தேன்.

சமையல் உப்பைக் கரைத்தேன், பல்பு பளிச்சென்று எரிந்தது. மயில்துத்தம், அதுவும் எரிந்தது. சர்க்கரை நன்றாகக் கரைந்தும் எரியவில்லை. யூரியாவும் அப்படித்தான். கரைவதை நம்பி ஒருமுறை அவமானப்பட்டவள் நான், இனி பல்பு சொன்னால்தான் நம்புவேன். மெழுகும் பாச்சை உருண்டையும் தண்ணீரைச் சீண்டவே இல்லை. அவற்றை உருக்கிக் கம்பியை வைத்துப் பார்த்தேன், எரியவில்லை. இப்படி ஒன்பதுக்கு விடை வந்துவிட்டது. ஒன்பதும் சரி என்று எனக்கே தெரியும்.

பத்தாவதுதான் படுத்துகிறது. அலுமினியம் குளோரைடு. புட்டியைத் திறந்ததுமே புகைந்தது. ஒரு கரண்டி எடுத்துத் தண்ணீரில் போட்டேன், பாம்பு மாதிரி சீறியது. கிளாஸ் சுட்டது, மூக்கு எரிந்தது, ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தேன். கம்பியை நனைக்கும் தைரியம் அன்றைக்கு வரவில்லை.

அலுமினியம் உலோகம், குளோரின் அலோகம். உலோகமும் அலோகமும் சேர்ந்தால் அயனி. இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. இருந்தாலும் உப்பு இப்படிச் சீறி நான் பார்த்ததில்லை. நீங்கள் ஒரே ஒரு வார்த்தை எழுதினால் போதும், அயனியா, சகப்பிணைப்பா. அதற்குப் பதிலாக நன்றிப் பக்கத்தில் "கழுவித் தந்து" என்பதை எடுத்துவிடுகிறேன். "உதவிய" என்பது மட்டும் இருக்கும்.

உங்கள் நாத்தனார்


ஜூலை 8

என் அன்பு நாத்தனாருக்கு,

உன் கடிதம் கிடைத்தது, கண்ணு. மூக்கு எரிந்தது என்று படித்ததும் மனது கேட்கவில்லை. இனிமேல் அந்தப் புட்டியை ஈரக் கையோடு தொடாதே.

அலுமினியம் குளோரைடு சகப்பிணைப்பு.

உலோகமும் அலோகமும் சேர்ந்தால் அயனி என்பது பெரும்பாலும் நடப்பது, எப்போதும் நடப்பதல்ல. அலுமினியம் மூன்று எலக்ட்ரானைக் கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகு அது இத்தனூண்டு உருவத்தில் மூன்று மடங்கு மின்சுமையோடு நிற்கும். அவ்வளவு இழுப்பு இருக்கிறவன் கொடுத்ததைக் கொடுத்ததாக விட்டுவிடுவானா? குளோரினிடம் போன எலக்ட்ரானைத் தன் பக்கம் திரும்ப இழுக்கிறது. குளோரினும் விடுவதில்லை. கடைசியில் இரண்டும் பங்கு போட்டுக்கொள்கின்றன.

தண்ணீரில் போட்டுப் பார்த்து ஏமாறாதே. தண்ணீர் அதை உடைத்து அயனிகளாக்கிவிடும். அப்போது பல்பு எரியும். ஆனால் எரிய வைப்பது நீ போட்ட பொருள் அல்ல, அது உடைந்து பிறந்த வேறு பொருள். உலர்ந்த தூளைச் சூடாக்கிப் பார். சமையல் உப்பு உன் அடுப்புச் சூட்டுக்கெல்லாம் அசையாது. இது எண்ணெய் காய்கிற சூட்டிலேயே ஆவியாகக் கிளம்பிவிடும். நான் தடித்த கண்ணாடிக் குழாய் ஒன்றில் அடியில் இரண்டு கம்பியைப் பதித்து, உலர்ந்த தூளைப் போட்டு, வாயை உருக்கி மூடி வைத்திருக்கிறேன். அதைச் சூடாக்கினால் உள்ளே உருகித் தெளிவாக நிற்கும். பேட்டரியைச் சேர்த்தால் பல்பு எரியாது.

உன் புத்தகம் நன்றாக வர வேண்டும், கண்ணு. எங்கே இருந்தாலும் நாம் ஒரே குடும்பம்தானே. நன்றிப் பக்கத்தை உன் விருப்பம்போல் வைத்துக்கொள்.

என்றும் உன் அன்புள்ள அண்ணி


ஜூலை 15

அண்ணிக்கு,

எனக்கே காது குத்தப் பார்க்கிறீர்களே!

போன மாதம் நான் விழுவதைப் பார்க்கும் ஆசையில்தான் சாப்பாடு இறங்குகிறது என்று எழுதினீர்கள். இந்த மாதம் நான் கண்ணு ஆகிவிட்டேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து உங்கள் வாயில் அந்த வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. முதல் "கண்ணு" பார்த்ததும் சந்தேகம் வந்தது. இரண்டாவது "கண்ணு" பார்த்ததும் சந்தேகம் தீர்ந்துவிட்டது.

ஒரு வார்த்தை கேட்டேன், ஒன்றரைப் பக்கம் விளக்கம் கொடுத்திருக்கிறீர்கள். உண்மைக்கு இவ்வளவு நீளம் தேவையில்லை. அதிலும் தண்ணீரில் போட்டுப் பார்க்காதே என்று முன்கூட்டியே தடை வேறு! நான் பார்த்துவிடுவேன் என்ற பயம்தானே?

பார்த்துவிட்டேன். இந்த முறை ஒரு சிட்டிகைதான் எடுத்தேன். மூக்கில் துணி கட்டிக்கொண்டேன். கரைசல் ஆறிய பிறகு கம்பிகளை நனைத்தேன். பல்பு எரிந்தது பாருங்கள், சமையல் உப்புக்குக்கூட அப்படி எரியவில்லை. உலோகம், அலோகம், எரிகிற பல்பு. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

அயனி என்றே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். உங்களுக்காக இன்னொன்றும் செய்தேன். பயிற்சியின் கீழே கட்டம் கட்டி ஒரு குறிப்பு சேர்த்திருக்கிறேன்: "அலுமினியம் குளோரைடைச் சிலர் சகப்பிணைப்பு என்று தவறாகச் சொல்வதுண்டு. மாணவர்கள் பல்பை நம்ப வேண்டும்." குழுவின் முன்னால் முதலில் இதைத்தான் செய்து காட்டப் போகிறேன்.

என் தலையில் மிளகாய் அரைக்க இன்னொரு ஆள் பிறந்து வரட்டும்.

உங்கள் நாத்தனார்


ஜூலை 22

நாத்தனாருக்கு,

மறுபடியும் சொல்கிறேன். அது சகப்பிணைப்பு. பல்பை நம்பாதே. நாளைக்கு நான் சொல்லவில்லை என்று ஆகிவிடக் கூடாது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன் அண்ணன் துடித்துப் போய்விட்டார். "அவ நம்புற மாதிரி ஒரு வார்த்தை எழுதும்மா" என்றார். இதைவிட எப்படி எழுதுவது என்று கேட்டேன். அந்தக் கண்ணாடிக் குழாயைக் கொடு, நானே எடுத்துக்கொண்டு போய் அவளுக்குக் காட்டிவிட்டு வருகிறேன் என்று கெஞ்சினார். குழாயை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவி என் கைப்பையில் இருக்கிறது. அவருக்குச் சோறு போடுகிறேன், சட்டை தேய்த்துக் கொடுக்கிறேன், குழாய் மட்டும் கிடையாது.

உனக்கு என் மேல் எள்ளளவு நம்பிக்கை இருந்திருந்தால் நீ தப்பித்திருப்பாய். இத்தனை வருஷம் ஒரே மேசையில் உட்கார்ந்தோம், ஒரு பொருளைப் பற்றி என்றைக்காவது நான் உனக்குத் தவறாகச் சொன்னதுண்டா? யோசித்துப் பார். யோசிக்க மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

போய் நன்றாகச் செய்து காட்டு. முன் வரிசையில் உட்கார்ந்து பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை, அவ்வளவுதான்.

அண்ணி


ஆகஸ்ட் 6

அண்ணிக்கு,

நீங்கள் கேட்க ஆசைப்பட்டதைச் சொல்லிவிடுகிறேன். அண்ணன் வாயால் கேட்டால் அரைகுறையாக இருக்கும். அவருக்கு இரக்கம் அதிகம்.

குழுவில் மூன்று பேர். நீளமான மேசை, பச்சைத் துணி, ஆளுக்கொரு தண்ணீர்ப் புட்டி. நடுவில் உட்கார்ந்திருந்த அம்மா ஓய்வு பெற்ற பேராசிரியை, காது கொஞ்சம் மந்தம், கண் கூர்மை. முதல் மூன்று பாடங்களும் வெண்ணெய் மாதிரி போயின. எழுத்து நடை அழகு என்று இரண்டு பேர் சொன்னார்கள். எனக்குக் கால் தரையில் இல்லை.

நான்காம் பாடம் வந்தது. அலுமினியம் குளோரைடைக் கரைத்துக் கம்பியை நனைத்தேன். பல்பு எரிந்தது. நான் அவர்களைப் பார்த்துச் சிரித்தேன். யாரும் திருப்பிச் சிரிக்கவில்லை. அந்த அம்மா இரண்டு உலர்ந்த சோதனைக்குழாய் கேட்டார். ஒன்றில் சமையல் உப்பு, இன்னொன்றில் என் தூள். இரண்டையும் ஒரே நேரத்தில் சூடாக்கச் சொன்னார். உப்பு அப்படியே கிடந்தது. மற்றது கிளம்பி மேலே போய், குழாயின் குளிர்ந்த பக்கத்தில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டது. குழாயின் வாய்வழியே புகை வந்து எல்லாரும் இருமினோம். ஜன்னலைத் திறக்க ஆள் வந்தது.

"உப்பு எப்போம்மா இப்படிப் பறந்திருக்கு?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நான் கட்டம் கட்டி எழுதியதை ஒவ்வொரு சொல்லாகச் சத்தமாகப் படித்தார். "மாணவர்கள் பல்பை நம்ப வேண்டும்." பக்கத்தில் இருந்தவர் தண்ணீர் குடிக்கிற சாக்கில் முகத்தை மறைத்துக்கொண்டார்.

நீங்கள் பொய் சொல்லியிருந்தால் நான் மன்னித்திருப்பேன். பொய்யை எதிர்பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொன்னீர்கள். நான் நம்ப மாட்டேன் என்று தெரிந்தே, தேன் தடவிச் சொன்னீர்கள். திட்டி எழுதியிருந்தால் நம்பியிருப்பேன். அதுவும் உங்களுக்குத் தெரியும். படுபாவி என்று எழுதக் கை வருகிறது, அண்ணன் மனைவியாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொள்கிறேன்.

ஆனால் கதை அத்தோடு முடியவில்லை. இந்தப் பாடத்தை யார் எழுதியது என்று அந்த அம்மா கேட்டார். நடை வேறாக இருக்கிறதே என்றார். ஒரு நொடி யோசித்தேன். "எங்க அண்ணி எழுதினது" என்றேன். பேனாவைத் திறந்து, மூன்று பேர் முன்னால் இருந்த மூன்று பிரதிகளிலும், நான்காம் பாடத்தின் தலைப்புக்குக் கீழே உங்கள் பெயரை எழுதிக் கொடுத்தேன். உங்கள் பள்ளிக்கூடத்தின் முகவரியையும் கொடுத்தேன்.

உங்கள் பெயர் புத்தகத்தில் வர வேண்டும் என்று கேட்டீர்கள். வந்துவிட்டது.

உங்கள் நாத்தனார்


ஆகஸ்ட் 20

நாத்தனாருக்கு,

உன் முந்தைய கடிதத்தின் முதல் இரண்டு பக்கத்தை உன் அண்ணன் இல்லாத நேரமாகப் பார்த்து மறுபடி மறுபடி படித்தேன். என் நெஞ்சில் பால் வார்த்ததுபோல் இருந்தது. மூன்றாம் பக்கத்தை ஒரு தடவைதான் படித்தேன்.

குழுவிலிருந்து எனக்குக் கடிதம் வந்திருக்கிறது, இங்குள்ள தலைமையாசிரியை வழியாக. அவர் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுத்தார். அதில் இருப்பது இதுதான்: நான்காம் பாடம் நீங்கள் எழுதியதா, ஆம் அல்லது இல்லை என்று தெரிவிக்கவும். ஆம் என்றால், பிழையைத் திருத்தி அடுத்த வருஷம் புத்தகத்தை மறுபடி சமர்ப்பிக்கும்போது அந்தப் பாடத்துக்கு உங்கள் கையொப்பம் கட்டாயம். இல்லை என்றால், புத்தகம் முழுவதும் அட்டையில் பெயருள்ள ஆசிரியருடையதாகவே கொள்ளப்படும்.

தலைமையாசிரியை நல்லவர்தான். "அலுமினியம் குளோரைடு தெரியாதவங்ககிட்ட ஒன்பதாம் வகுப்பை எப்படி விடறது, நீங்களே சொல்லுங்க" என்றார். அந்தப் பாடத்தை நான் எழுதவில்லை என்று குழுவுக்குப் பதில் போட்டால் வகுப்பு என்னிடமே இருக்கும். எழுதினேன் என்றால், வருகிற மாதத்திலிருந்து எனக்கு ஆறாம் வகுப்பு அறிவியல். ஆசிரியர் அறையில் நான் நுழைந்ததும் பேச்சு நின்றது. இந்த ஊரில் எனக்கு எந்தப் பட்டப்பெயரும் இல்லாமல் இருந்தது.

எனக்கு வழி இல்லை என்று நினைத்துவிடாதே. நீ ஜூலை 15-ஆம் தேதி எழுதிய கடிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நான் சகப்பிணைப்பு என்று சொன்னதும், நீ கேட்காமல் அயனி என்று அச்சுக்குக் கொடுத்ததும் உன் கையெழுத்திலேயே இருக்கிறது. அதை அந்த அம்மாவுக்கு அனுப்பினால் நீ ஒன்பதாம் வகுப்பு இல்லை, ஒன்றாம் வகுப்புக்குக்கூடப் பாடம் எடுக்க முடியாது.

நீயாகவே குழுவுக்கு எழுதி உண்மையைச் சொல். ஒரு வாரம் பார்ப்பேன்.

அண்ணி


ஆகஸ்ட் 27

அண்ணிக்கு,

ஒரு வாரம் எதற்கு? இன்றைக்கே அனுப்புங்கள்.

நீங்கள் அனுப்புகிற அதே தபாலில் உங்கள் ஜூலை 22 கடிதத்தை நானும் அனுப்புகிறேன். தவறு அச்சில் ஏறியது தெரியும், அதை நிரூபிக்கும் குழாயும் கையில் இருக்கிறது, அதைப் பூட்டி வைத்துச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன் என்று முத்து முத்தாக எழுதியிருக்கிறீர்கள். தெரியாமல் தவறு செய்த ஆசிரியையை மாற்றல் செய்வார்கள். பிள்ளைகள் தவறாகப் படித்தாலும் பரவாயில்லை, என் நாத்தனார் மண்ணைக் கவ்வட்டும் என்று வேடிக்கை பார்த்த ஆசிரியையை என்ன செய்வார்கள் என்று உங்கள் தலைமையாசிரியையிடமே கேளுங்கள்.

என் கடிதம் உங்கள் கையில், உங்கள் கடிதம் என் கையில். இரண்டு பேரும் பெட்டியைப் பூட்டிக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

ஆகவே உங்களுக்கு இருப்பது அந்த ஒரு கேள்வி. ஆம் என்றால் தவறும் உங்களுடையது, ஒன்பதாம் வகுப்பும் போகும். இல்லை என்றால் வகுப்பு தப்பிக்கும், பாடம் என்னுடையது. அந்தப் பத்தாவது விடையைத் திருத்தி, கட்டத்தை எடுத்துவிட்டு, அடுத்த வருஷம் என் ஒற்றைப் பெயரில் கொண்டுபோவேன். மற்ற பாடங்கள் அவர்களுக்குப் பிடித்திருக்கின்றன. எடுத்துக்கொள்வார்கள்.

நீங்கள் என்ன எழுதுவீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆய்வகமும் ஒன்பதாம் வகுப்பும் இல்லாமல் உங்களால் ஒரு நாள் இருக்க முடியாது. ஆறாம் வகுப்பில் தண்ணீர், காற்று, மண் என்று நடத்திக்கொண்டிருப்பவரா நீங்கள்? "நான் எழுதவில்லை" என்று உங்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போடப் போகிறீர்கள். அதன் நகல் ஒன்று எனக்குக் கிடைக்கும். கண்ணாடி போட்டு மாட்டி வைப்பேன்.

அண்ணன் இரண்டு பேருக்கும் சொல்லி அலுத்துப்போய், இனி யாருக்கும் தலையாட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். அவரையாவது நிம்மதியாக விடுங்கள்.

உங்கள் நாத்தனார்


செப்டம்பர் 3

நாத்தனாருக்கு,

ஆம் என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

நான்காம் பாடம் முழுவதும், முதல் வரியிலிருந்து கட்டம் கட்டிய கடைசிக் குறிப்பு வரை, நானே எழுதியது என்று எழுதினேன். அந்தக் குறிப்புக்கும் சேர்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். அவமானமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. அலுமினியம் குளோரைடு எப்படிப்பட்டது என்று தெரியாதவள் என்று அந்த அம்மா என்னைப் பற்றிச் சாகும்வரை நினைத்துக்கொண்டிருப்பார்.

ஒன்பதாம் வகுப்பு போய்விட்டது. ஆய்வகச் சாவியை ஒப்படைத்துவிட்டு வந்தேன். அலமாரிகளைச் சரிபார்த்து வாங்கிக்கொண்ட பெண் நல்ல பெண், என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள். திங்கட்கிழமையிலிருந்து ஆறாம் வகுப்பு. நேற்று வீட்டில் உட்கார்ந்து அழுதேன். உன் அண்ணன் எதிரில் வந்து உட்கார்ந்தார். "நான் அழுததையும் அவளுக்கு எழுதிடுவேன், தெரிஞ்சுக்கட்டும்" என்றேன். எழுதிவிட்டேன்.

நீ கண்ணாடிச் சட்டம் வாங்கி வைத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு.

குழுவின் கடிதத்தில் இருந்ததை நான் எழுதியனுப்பியும் நீ சரியாகப் படிக்கவில்லை. பாடம் என்னுடையது என்று பதிவாகிவிட்டது. என் கையொப்பம் இல்லாமல் அதில் ஒரு வாக்கியத்தைக்கூட நீ இனி அச்சிட முடியாது. திருத்தியும் முடியாது, நடையை மாற்றியும் முடியாது. அதே உப்பையும் சர்க்கரையையும் வைத்து வேறொரு பாடம் நீயாக எழுதலாம்தான். எழுதி, சோதித்து, ஒவ்வொரு பொருளாக அந்த அம்மாவின் முன்னால் கொண்டுபோய் நிறுத்து. பல்பை எதில் வைப்பது, எதில் வைக்கக் கூடாது என்று என்னிடம் மட்டும் கேட்காதே. கேட்டாலும் சொல்வேன். நீ நம்பப்போவதில்லை.

கையொப்பம் போட மாட்டேன். இந்த வருஷமும் மாட்டேன், அடுத்த வருஷமும் மாட்டேன், நீ இங்கே வந்து வாசலில் நின்றாலும் மாட்டேன்.

அணுக்களைப் பற்றி மூன்றாம் பாடத்தில் அழகான நடையில் சொல்லியிருக்கிறாய். சொல்லி முடித்துவிட்டு ஐந்தாம் பாடத்துக்குத் தாவிவிடு. உன் புத்தகத்தில் எந்த அணுவும் எந்த அணுவோடும் சேர வேண்டாம்.

அண்ணி